ஒட்டடைக்குச்சியின் ரத்தம்

வாயைக் கட்டிப் போட்டவனுக்காகப் பதில் சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அரை மணி நேரத்தில் விசில்காரருக்கு இது விளங்கிவிட்டது.

"வலி எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனைன்னு சொல்வீங்க?" என்று நர்ஸ் அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"மூணு, நாலு இருக்கும்மா. மாப்ள தாங்கிக்குவாரு. கல்லு மாதிரி உடம்பு." பதில் கட்டிலின் கால்மாட்டிலிருந்து வந்தது.

சொன்னவர் மேஸ்திரி. விசில்காரருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கட்டட வேலையில் இருபத்திரண்டு பேருக்கு மேஸ்திரி, வீட்டில் மச்சான். இரண்டு இடத்திலும் பேச்சு அவருடையது. மற்றவர்களுக்குத் தலையாட்டுகிற வேலை.

மூன்றும் இல்லை, நாலும் இல்லை. இடது கன்னத்துக்குள் யாரோ அடுப்பு மூட்டி, உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். மேல்பல் வரிசைக்கும் கீழ்ப்பல் வரிசைக்கும் கம்பி கட்டி, கம்பிக்குக் கம்பி ரப்பர் வளையம் மாட்டி வாயைப் பூட்டியிருந்தார்கள். விசில்காரர் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"பாருங்க, கும்பிடுறாரு," என்றார் மேஸ்திரி. "நன்றி மறக்காத ஆளு."

நர்ஸும் சிரித்தபடி கும்பிட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

டவர் கிரேனுக்குக் கீழே நின்று, உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குக் கண்ணாக இருப்பது விசில்காரருடைய வேலை. இப்போது கைக்கு வாக்கி டாக்கி வந்துவிட்டது. முன்பெல்லாம் இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கிற விசில்தான், பேரும் அதனால் வந்ததுதான். நாலு டன் கம்பிக் கட்டு அவர் ஒரு சொல் சொன்னால் ஏறும், ஒரு சொல் சொன்னால் இறங்கும். மண் சுமக்க வந்தவர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்து, பளு எழுதிய அட்டையை இன்ஜினியர் முன்னால் தானே வாசித்துக் காட்டி வாங்கிய இடம் அது. அந்த இடத்தில் நிற்கும்போதுதான் போன வாரம் கொக்கியில் தொங்கிய சங்கிலியின் வால் வீசி வந்து முகத்தில் அடித்தது. கன்ன எலும்பு மூன்று துண்டு, தாடை இரண்டு. தகடு வைத்து ஆணி முடுக்கிச் சேர்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, நின்ற இடத்தில் நிற்காத கால்கள். முகத்தைத் தொடாமலே சுற்றிப் பார்த்தார்.

"வீக்கம் ரொம்ப இருக்கே. வலி மாத்திரை மட்டும் கேக்காது. ஸ்டீராய்டு ஊசி போடுறேன். வீக்கம் இறங்கினா நரம்பு மேல இருக்கிற அழுத்தம் குறையும், வலியும் குறையும். வீட்டுக்குப் போறப்ப மாத்திரையா தரேன், படிப்படியா குறைச்சு நிறுத்தணும்." பேப்பரைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "சுகர் இருக்கா? பிரஷர்? வயித்துப் புண்ணு?"

"எதுவும் கிடையாது டாக்டர்," என்றார் மேஸ்திரி. "கம்பெனி மெடிக்கல் பேப்பர் உள்ளதான் இருக்கு. மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது."

டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தார். பேப்பரில் சுகர் இல்லை.

விசில்காரர் உடம்பில் இருந்தது. ஆறு வருஷமாக இருந்தது.

பேப்பருக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த ஆள் ஒட்டடைக்குச்சி. கூரை மூலையில் சிலந்தி வலை அடிக்கிற குச்சிக்கு லுங்கி கட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருப்பான். அவர்கள் கூட்டத்தில் கம்பி வளைக்கிறவன். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்காரர்கள் ஒரு வேனில் வந்து ஒவ்வொருவர் கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். சுகர், பிரஷர் என்று எழுதி வந்தால் உயரத்தில் ஏற விடமாட்டார்கள், கிரேன் பக்கம் நிற்க விடமாட்டார்கள். மண் சலிக்கப் போக வேண்டியதுதான். அதனால் அன்றைக்கு ஒட்டடைக்குச்சி தொப்பியை மாற்றி, சட்டையை மாற்றி, மூன்று தடவை வரிசையில் நிற்பான். ஒரு தடவை தனக்காக, ஒரு தடவை விசில்காரருக்காக, ஒரு தடவை மேஸ்திரிக்காக. "ரத்தத்துல மூஞ்சியா தெரியப்போவுது" என்பான். அவன் ரத்தம் பச்சைத் தண்ணீர் மாதிரி சுத்தம். கூட்டத்தில் இதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. ஒருவன் தூக்க முடியாத மூட்டைக்கு இன்னொருவன் தோள் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலும் ரத்தம் எடுத்தார்கள். அதில் சுகர் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. அடிபட்டதிலிருந்து சாப்பாடு இல்லை, டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது, அடிபட்ட அதிர்ச்சி வேறு என்று யாரோ சொன்னார்கள். யாரோ தலையாட்டினார்கள். கம்பெனிப் பேப்பர் அதற்கு மேலே வைக்கப்பட்டது.

ஊசி ஏறிய அன்றைக்கே அடுப்பை விசிறிக்கொண்டிருந்தவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் மூடிக் கிடந்த இடது கண் திறந்தது. அதற்கு மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் பூசணிக்காய் போய், பழைய முகம் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. விசில்காரருக்குப் பசி வந்தது, தெம்பு வந்தது, கட்டிலை விட்டு இறங்கி வார்டில் நாலு சுற்று நடந்தார். இப்படியும் ஒரு மருந்து உண்டா என்று அதிசயமாக இருந்தது. இத்தனை வருஷம் முதுகுக்கும் முழங்காலுக்கும் தின்ற மாத்திரையெல்லாம் இதன் முன்னால் சுண்ணாம்புக் கட்டி.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் நாலு மாத்திரை, அடுத்த இரண்டு நாள் மூன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. தானாகக் கூட்டக் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. எட்டாம் நாள் வந்து காட்ட வேண்டும்.

வீடு என்றால் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். கக்கூஸ் மாடிப்படிக்கு அடியில், நாலு வீட்டுக்குப் பொது. மனைவி ஒரு சிலேட்டு வாங்கி வைத்திருந்தாள். "பேச முடியாதவருக்கு இது போதும், எனக்கும் காது கொஞ்சம் குளிரும்," என்றாள். அவள் மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கித் தூளாக்கி, தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்து உறிஞ்சக் கொடுத்தாள். மெல்ல முடியாதவருக்குச் சாப்பாடும் அப்படித்தான். பால், பழச்சாறு, சர்க்கரை போட்ட மாவுக் கரைசல். உடம்பு தேற வேண்டுமே, சுகருக்குத்தான் மாத்திரை கொடுக்கிறோமே என்று அவள் மணிக்கு ஒரு தம்ளர் நீட்டினாள். அவரும் உறிஞ்சினார்.

மூன்றாம் நாள் தாகம் ஆரம்பித்தது. குடம் குடமாக இறங்கியது. குடித்த தண்ணீர் வந்த வழி பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தது. மாடிப்படிக்கும் குழாய்க்குமாக அவர் நடந்த நடையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, "அண்ணன் வாடகையே கக்கூஸுக்குத்தான் குடுக்கணும்" என்றாள்.

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, இது சும்மா தாகம் இல்ல. எங்கம்மாவுக்கு சுகர் ஏறுனப்ப பாத்திருக்கேன். உங்க பழைய சுகர் மாத்திரையையும் சேத்துத்தான் நசுக்கிக் குடுக்கறேன், அப்பவும் இப்படி இருக்குன்னா என்ன அர்த்தம்? டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம்."

அவர் சிலேட்டை எடுத்தார். அவர் எழுதுவது செங்கல் அடுக்குகிற மாதிரி. ஒன்றை வைத்து, சரி பார்த்து, அப்புறம் அடுத்தது. எழுதிக் காட்டினார். 'வேலை.'

"வேலை, வேலை. மூஞ்சி இருந்தாத்தான வேலை."

அவருக்குக் கோபம் வந்தது. எப்போதும் வராத மாதிரி வந்தது, காதுவரை சூடாக. பதிலுக்குச் சொல்ல ஒரு முழு ராமாயணம் தொண்டையில் நின்றது. சொன்னால் மண் சலிக்கப் போக வேண்டும் என்பது, அந்த வேலையும் நாற்பத்தொன்பது வயதில் யார் கொடுப்பார்கள் என்பது, ஒட்டடைக்குச்சி மாட்டுவான் என்பது, உங்க அண்ணனே மாட்டுவான் என்பது. பல்லிடுக்கில் வந்தது வெறும் காற்று. எழுத உட்கார்ந்தால் அவள் அதற்குள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். உலகத்தில் உள்ள சண்டையிலேயே மட்டமான சண்டை ஒருவர் பேசி ஒருவர் எழுதுகிற சண்டை. சிலேட்டைக் கட்டில் மேல் எறிந்தார். அது சத்தம்கூடப் போடாமல் தலையணையில் விழுந்தது.

மாத்திரை நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கிய அன்று கன்னம் மெல்ல முனகியது. இரண்டுக்கு இறங்கிய அன்று அடுப்புக்காரன் திரும்பி வந்துவிட்டான். தாடையின் ஓரத்தில், வாய்க்குள் தையல் போட்ட இடத்தில், நாக்குக்கு ஏதோ கசப்பாகத் தட்டுப்பட்டது. விசில்காரர் நாலு விரலைக் காட்டினார்.

"அட்டையில ரெண்டுன்னு போட்டிருக்கு," என்றாள் மனைவி.

மறுபடியும் நாலு விரல்.

"நீங்க கிரேனுக்குக் காட்டுங்க விரலை. நான் அட்டையைத்தான் பாப்பேன்." மாத்திரைப் பட்டையை எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும், அது போதும்.

ஆறாம் நாள் மத்தியானம் ஒட்டடைக்குச்சி பார்க்க வந்தான். வாசலிலேயே நின்று முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"அண்ணே, முன்னைக்கு இப்ப லட்சணமாத்தான் இருக்கீங்க. இந்தப் பக்கமும் ஒரு அடி வாங்கியிருந்தா மேட்ச் ஆயிருக்கும்."

சிரிக்க முடியாமல் விசில்காரர் மூக்கால் காற்று விட்டார். உள்ளே தையல் இழுத்தது.

"வாக்கியை இப்ப மேஸ்திரி ஒரு புது ஆள்கிட்ட குடுத்திருக்காருண்ணே. தற்காலிகம்தான். ஆனா அவன் 'ஏத்து'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நாங்க அஞ்சு பேரும் ஓடி ஒளிஞ்சுக்கறோம். சீக்கிரம் வாங்க." பாயில் உட்கார்ந்து காலை நீட்டினான். "மாசக் கடைசியில திரும்ப மெடிக்கல் வேன் வருதாம். ஆக்சிடென்ட் ஆனதுனால சீக்கிரமே வெச்சுட்டாங்க. இந்தத் தடவை அஞ்சு பேருக்குக் குடுக்கணும்னு மேஸ்திரி சொல்றாரு. என் உடம்புல மொத்தமா இருக்கறதே அஞ்சு சொட்டு. உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுடறேன், கவலைப்படாதீங்க."

விசில்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொக்கிக்கு நேர் கீழே, குனிந்து கம்பி வளைத்துக்கொண்டிருப்பவன் இவன். அன்றைக்குச் சங்கிலி வீசிய இடத்திலிருந்து ரெண்டு அடி தள்ளி இவன் தலை இருந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்று அவருக்குத் தெரியும். அன்று காலையிலிருந்தே கண் மசமசவென்று இருந்தது. கொக்கி இறங்கும்போது அவருக்கு இரண்டு கொக்கி தெரிந்தது. எது நிஜம் என்று கணக்குப் போடுவதற்குள் சங்கிலி வந்துவிட்டது. எல்லோரும் கிரேன் டிரைவரைத் திட்டினார்கள். அவன் ஒரு வாரச் சம்பளம் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

சிலேட்டைக் கையில் எடுத்தார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'சாப்டியா' என்று எழுதிக் காட்டினார்.

எட்டாம் நாள் காலை விசில்காரர், மனைவி, மேஸ்திரி மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நம்பர் நாற்பத்தேழு. வெளியே பெஞ்சில் மூன்று மணி நேரம். மேஸ்திரி சொன்னார், "உள்ள நான் பேசிக்கறேன். மாப்ள, நீங்க சும்மா தலையை மட்டும் ஆட்டுங்க. டாக்டரம்மா கேட்டாலும் நல்லா இருக்கேன்னு. திங்கக்கிழமை வேலைக்கு வரலாம்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டா போதும், வாயைத் திறக்காமலே வாக்கியில சமாளிச்சுக்கலாம்."

வாயைத் திறக்காமல் வாக்கியில் எப்படிப் பேசுவது என்று கேட்க நினைத்தார். கேட்பதற்கும் வாய் வேண்டியிருந்தது.

உள்ளே நாற்காலி சலூன் நாற்காலி மாதிரி பின்னால் சாய்ந்தது. விளக்கை முகத்துக்கு நேரே இழுத்தார்கள். கழுத்தில் ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள். டாக்டரம்மா ரப்பர் வளையங்களைக் கழற்றி, ஸ்பூன் மாதிரி ஒன்றால் கன்னத்தை உள்ளிருந்து ஒதுக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் அழுத்தினார். விசில்காரருடைய இரண்டு காலும் நாற்காலியை விட்டு எழுந்தன.

"இந்த இடம் ஆறவே இல்லையே. தையல் விட்டிருக்கு, லேசா கசியுது." கையுறையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார், ரப்பர் வளையங்களைத் திரும்ப மாட்டினார். "மருந்தெல்லாம் ஒழுங்கா குடுத்தீங்களா?"

"அட்டையில போட்டபடிதாம்மா," என்றாள் மனைவி.

"பீடி, சிகரெட்?"

"கிடையாது டாக்டர்," என்றார் மேஸ்திரி. "நல்லாத்தான் இருக்காரு. கல்லு மாதிரி—"

"வலி?"

"லேசா."

விசில்காரர் தொண்டைக்குள் ஒரு உறுமல் உறுமினார். டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்தார்.

"லேசா இல்ல போலிருக்கே." கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் காலையிலிருந்து நாற்பத்தேழு முகம். "வீக்கம் திரும்ப வந்திருக்கு. ஸ்டீராய்டை இன்னும் அஞ்சு நாள் நீட்டினா வலி அடங்கும். ஆன்டிபயாட்டிக்கை மாத்திடறேன். ஆனா கசியற புண்ணுல ஸ்டீராய்டு குடுக்கறது கத்தி மேல நடக்கற மாதிரி. சுகர் இருக்கிறவருக்கா இருந்தா நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். அது சுகரையும் ஏத்தும், புண்ணையும் ஆற விடாது. தகடு ஆடிப்போனா திரும்பத் திறக்கணும், இடுப்புலேந்து எலும்பு எடுத்து வைக்கணும். அதனாலதான் திரும்பக் கேக்கறேன். சுகர் இல்லைங்கறது நிச்சயம்தான?"

"நிச்சயம் டாக்டர். பேப்பர்லயே இருக்கே."

அஞ்சு நாள். விசில்காரருக்குக் காதில் விழுந்தது அந்த ஒன்றுதான். அஞ்சு நாளைக்கு அடுப்புக்காரன் வரமாட்டான். திங்கட்கிழமை வாக்கி கைக்கு வரும். தலையை ஆட்டினால் போதும். ஆட்டவும் செய்தார். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே நாக்கு அந்தக் கசப்பைப் போய்த் தொட்டது. டாக்டரம்மா எழுதத் தொடங்கிவிட்டார்.

விசில்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, சிலேட்டுக்குக் கையை நீட்டினார். மனைவி கொடுத்தாள். சாக்குக்கட்டி சிலேட்டில் பட்டதுதான் தாமதம், மேஸ்திரி அதைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

"இவர் எழுதி முடிக்க சாயங்காலம் ஆயிடும் டாக்டர். வெளிய நிறையப் பேரு காத்திட்டிருக்காங்க. எதுன்னாலும் நான் சொல்றேன்."

டாக்டரம்மாவும் எழுதிக்கொண்டேதான் தலையசைத்தார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தது உண்மைதான்.

விசில்காரருக்கு வந்த எரிச்சலில் கன்னத்து வலியே ஒரு கணம் மறந்துபோனது. நாலு டன்னை ஒரு சொல்லில் நிறுத்துகிறவன், இந்த அறையில் ஒரு பேனாவை நிறுத்த முடியவில்லை. சுற்றிப் பார்த்தார். சுவரோரம் இன்னொரு மேசையில், பல் பிடுங்க வந்த ஒரு கிழவரின் விரலில் நர்ஸ் ஊசி குத்தி, ஒரு சின்ன மிஷினில் சொட்டு ரத்தம் வாங்கிக்கொண்டிருந்தாள். மிஷின் பீப் என்றது. "நூத்தி பத்து. போங்க தாத்தா, பிடுங்கலாம்."

விசில்காரர் நாற்காலியை விட்டு இறங்கினார். கழுத்தில் பச்சைத் துணி தொங்க, நேராக அந்த மேசைக்குப் போய்க் கிழவர் எழுந்த ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை நீட்டினார்.

"உங்களுக்கு இல்ல சார். நீங்க அந்தச் சேர்."

விரல் அங்கேயே இருந்தது.

"மாப்ள," என்றார் மேஸ்திரி. "மாப்ள, எந்திரிங்க. மயக்கத்துல எங்க போறோம்னு தெரியல பாவம்."

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா பேனாவை நிறுத்தியிருந்தார். அப்போது மனைவி சொன்னாள், யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்து. "எடுங்க சிஸ்டர்."

குத்தியது தெரியவேயில்லை. மிஷின் யோசித்தது. அந்த அஞ்சு நொடியில் மேஸ்திரி இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"முன்னூத்தி எண்பத்தாறு டாக்டர்."

டாக்டரம்மா எழுந்து வந்து தானே பார்த்தார். இன்னொரு விரலில் குத்தச் சொன்னார். முன்னூற்றுத் தொண்ணூறு. திரும்பிப் போய் கம்பெனிப் பேப்பரை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார், அதற்குள் வேறு யாராவது தெரிவார்கள் என்பது போல.

"இது யாரோட ரத்தம்?"

மேஸ்திரி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த சிலேட்டை விசில்காரர் எடுத்துக்கொண்டார், அவர் தடுக்கவில்லை. எழுதினார். டாக்டரம்மா நின்று காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.

'என்னுது.'

"மூணு மாசத்துல இப்படி ஆயிடுச்சாக்கும்?"

விசில்காரர் தலையாட்டினார். டாக்டரம்மா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதற்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எழுதியிருந்த சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"இன்னிக்கே அட்மிட் ஆகணும். இன்சுலின் போடணும். ஸ்டீராய்டு மிச்சம் இருக்கிறதைச் சீக்கிரமா குறைச்சு நிறுத்திடறேன். புண்ணைத் திறந்து கழுவணும்."

"அப்ப வலிக்கு?" என்றாள் மனைவி.

"வேற மருந்து தரேன். ஆனா உள்ளதைச் சொல்லிடறேன், அந்த அளவுக்குக் கேக்காது." கொஞ்சம் நிறுத்தி, மேஸ்திரியிடம் சொன்னார். "கம்பெனிக்கும் நான் எழுதித்தான் ஆகணும். சுகர் கட்டுக்கு வர்ற வரைக்கும் கிரேன்கிட்ட இவரை விடக் கூடாது."

"எத்தனை நாள் ஆகும் டாக்டர்?"

"மாசக் கணக்கு. அதுக்கப்புறம் கண்ணையும் பாக்கணும்."

வெளியே வந்ததும் மேஸ்திரி வராந்தா ஓரத்துக்கு அவரை இழுத்துப் போனார்.

"வாயைக் கட்டிப் போட்டும் உளறிட்டியே." பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நீ என்றார். "உன்னோட போச்சா இது? நாளைக்கு கம்பெனிக்காரன் எல்லார் பேப்பரையும் எடுத்துப் பாப்பான். ஒட்டடைக்குச்சி வீட்டுல ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு, தெரியுமா உனக்கு? அஞ்சு நாள் பல்லைக் கடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். பல்லுதான் ஏற்கெனவே கடிச்சபடி இருக்கே."

விசில்காரர் பதில் சொன்னார். பல்லுக்குள்ளிருந்து, எச்சில் தெறிக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னங்கிறான்?" என்று தங்கையைக் கேட்டார்.

"எனக்கும் புரியல அண்ணே."

விசில்காரர் சுவரில் சாய்ந்து சிலேட்டை முழங்காலில் வைத்து எழுதினார். மேஸ்திரி வாட்சைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் சிலேட்டைப் பார்த்தார்.

'அன்னிக்கு ரெண்டு கொக்கி தெரிஞ்சுது.'

மேஸ்திரி அதை இரண்டு தடவை வாசித்தார். முகத்திலிருந்த கோபம் இறங்கியது, ஆனால் வேறெதுவும் வந்து உட்காரவில்லை. தங்கைக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எனக்கும் காலையில அப்படித்தான் இருக்கு. மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்."

தங்கைக்குக் கேட்டுவிட்டது. "அண்ணே, அந்த சிஸ்டர் இன்னும் உள்ளதான் இருக்காங்க. ஒரு விரல் நீட்டறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"உனக்கு வேற வேலை இல்லையா? சைட்டுல ஆளுங்க நிக்கறாங்க. கான்கிரீட் வண்டி வந்துடும்." கிளம்பிவிட்டார். படியில் இறங்கும் சத்தம் தடதடவென்று கேட்டது. ஒரு படியில் மட்டும் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்து, மறுபடி தடதடவென்று போனது.

மனைவி பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

விசில்காரர் தனியாக உட்கார்ந்தார். மாத்திரை நேரம் தாண்டிவிட்டது, கன்னத்தில் அடுப்பு பற்றிக்கொண்டது. இனி அதை அணைக்க அந்த மாத்திரை கிடையாது, ஆள் கிடையாது, கெஞ்சவோ திட்டவோ வாய்கூடக் கிடையாது. நெற்றியை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டார். இரும்பு கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

கீழே கேட்டுக்குப் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் நின்றார்கள். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அவர் உதறினார். அவள் விடவில்லை, இன்னொரு கையாலும் பிடித்தாள். அவர் ஏதோ கத்தினார், அவளும் கத்தினாள். பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். பஸ் போய்விட்டது. இருவரும் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அட்மிஷன் யாரு? கூட வந்தவங்க இருக்காங்களா?" என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை. ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் இரு என்று காட்டினார். ரோட்டில் அடுத்த பஸ் வந்துகொண்டிருந்தது.